மழலைச் செல்வங்களுக்குப் பாட்டும் படநூலும்

தாயின் மடியே குழந்தையின் முதற் பள்ளிக்கூடம் என்பர் பெரியோர். முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை, வகுப்பறை வாயிலை வெறுங்கையோடு மிதிப்பதில்லை. அதுவரை தன் செவியில் விழுந்த சொற்களையெல்லாம் சுமந்துகொண்டு வருகிறது. சில பிள்ளைகளின் சொல்மூட்டை பெரிது. சிலருடையது மிகச் சிறிது. அம்மூட்டையை நிரப்பும் பொறுப்பு வீட்டாருடையது. அதற்கு உற்ற துணையாவன குழந்தைப் பாடல்களும் படநூல்களுமாம். அவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையினை ஈண்டுக் காண்போம்.

முன்னாளில் நம் மாசாய் வட்டாரத்தில் ரப்பரும் செம்பனையும் செழித்திருந்தன. பொழுது புலருமுன் பெரட்டுக்குச் சென்ற தாய்மார், கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றனர். தொட்டிலாட்டிய ஆயாவின் தாலாட்டே அப்பிள்ளைகளின் முதற் பாடமாயிற்று. பாசிர் கூடாங்கில் 1977-ஆம் ஆண்டில் துறைமுகம் செயற்படத் தொடங்கிய பின்னர்த் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகின. தோட்டங்கள் பல மறைந்தன. பெற்றோர் விடியலில் வேலைக்குச் செல்வது மட்டும் மாறவில்லை. ஆனால், தாலாட்டுப் பாடிய வாய்கள் குறைந்துவிட்டன. அவ்விடத்தில் கைப்பேசி வந்து அமர்ந்துகொண்டது. கைப்பேசியும் பாடத்தான் செய்கிறது. எனினும், குழந்தை தப்பாகப் பாடினால் சிரித்து, அணைத்து, மறுபடியும் பாடிக்காட்ட அதற்குத் தெரியாது.

முதலில் பாட்டைப் பற்றிக் கூறுவோம். நல்ல குழந்தைப் பாடலின் அடிகள் குறுகியவை. கை தட்டவும் தலையாட்டவும் ஏற்ற தாளம் அதில் இருக்கும். ஒரே சொல் மீண்டும் மீண்டும் வரும். 'ஆட்டம், ஓட்டம், தோட்டம்' என எதுகையும், 'மாடு, மரம், மழை' என மோனையும் அமைந்த பாடலைப் பிள்ளை எளிதில் மனத்திற் கொள்ளும். ஈற்றுச் சொல்லை நாம் பாடாது நிறுத்தினால், அதுவே முடித்துவைக்கும். இது வெறும் விளையாட்டன்று. ஓசைகளைப் பிரித்தறியப் பழகிய செவிக்குப் பின்னர் எழுத்துகளைக் கற்பது எளிதாகும். தமிழ் எழுத்துகள் 247 என்று கேட்டதும் பிள்ளை மருளுவது இயல்பே. 'மலை, மழை' எனவும் 'பல், பள்ளம், பழம்' எனவும் பாட்டிலேயே நாவைப் பழக்கிய பிள்ளைக்கு அம்மருட்சி இராது. லகர, ளகர, ழகர வேறுபாடும் பிழையின்றி வரும்.

இத்தகைய பாடல்களுக்குத் தமிழிற் பஞ்சமில்லை. மகாகவி பாரதியார் பாப்பா பாட்டைத் தந்தார். ஆசிரியப் பணி புரிந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876–1954) இனிய குழந்தைப் பாடல்களை அருளினார். வங்கியிற் பணியாற்றிக்கொண்டே 'மலரும் உள்ளம்' முதலிய நூல்களை இயற்றிய அழ. வள்ளியப்பா (1922–1989) 'குழந்தைக் கவிஞர்' என்றே போற்றப்பட்டார். 1950-ஆம் ஆண்டில் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையும் தோற்றுவித்தார். நம் மலேசியத் திருநாட்டில் ஆசிரியர் முரசு நெடுமாறன் அவர்களும் சிறுவர்க்கெனப் பாடல்கள் பல இயற்றியுள்ளார்.

இனிப் படநூலுக்கு வருவோம். படத்தைக் காட்டிச் சொல்லைக் கற்பிக்கும் முறை புதியதன்று. கொமேனியஸ் என்னும் கல்வியாளர் 1658-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில், உலகப் பொருள்களைப் படங்களாகக் காட்டும் பாடநூலொன்றை வெளியிட்டார். கண் கண்டதை நாவும் கூறவேண்டும் என்பதே அதன் உட்கருத்து. இன்றும் படநூலுக்கு அதுவே அளவுகோல்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பக்கத்திற்கு ஒரே பெரிய படம் போதும். தாள் கெட்டி அட்டையாகவும், முனைகள் மழுங்கியும் இருத்தல் நலம். மூன்று நான்கு வயதில், எவரேனும் ஏதேனும் செய்துகொண்டிருக்கும் காட்சிப் படங்கள் வேண்டும். அப்பொழுதுதான் 'இவன் ஏன் ஓடுகிறான்?' என்னும் வினா பிறக்கும். எழுத்துகள் பெரியனவாகவும், சொற்கள் சிலவாகவும், பிழையற்றனவாகவும் இருத்தல் வேண்டும். குழந்தை அறிந்த மழையும் குரங்கும் ரம்புத்தானும் செம்பனையும் முதலில் வரட்டும். பனியும் ஒட்டகமும் பின்னர் வரலாம். மற்றொன்றையும் கருதுதல் வேண்டும். நல்லவர் அனைவரும் வெள்ளை நிறத்தவராகவும், திருடனும் அரக்கனும் மட்டுமே கறுத்தவராகவும் தீட்டப்பட்ட நூலை வாங்காதீர்கள். தன் நிறத்தையே இழிவென எண்ணக் கற்கும் பிள்ளை, வகுப்பில் தலைநிமிர்ந்து விடை கூறாது.

விலை மிகுந்த நூலே சிறந்த நூல் என்பது தவறு. சென்னையில் 1996-இல் தொடங்கப்பெற்ற தூலிகா பதிப்பகம் தமிழிலும் அழகிய படநூல்களை வெளியிட்டு வருகிறது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம். கைப்பேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு அகலாமல், மடியில் இருத்தி உடன் படித்தால் அதுவும் நல்ல படநூலாகும்.

தோட்டத்தில் நாற்பதாண்டு பால் வெட்டிய மூதாட்டி ஒருவர், பேரனைப் பள்ளியிற் சேர்க்க வந்தபொழுது, "எனக்குத்தான் படிக்கத் தெரியாதே, ஐயா! நான் என்ன சொல்லிக் கொடுப்பேன்?" என்று கண் கலங்கினார். எழுத்தில்லாப் படநூலொன்றை அவர் கையில் கொடுத்தோம். பக்கத்தைப் புரட்டினார். படத்தில் ஓர் ஆறு இருந்தது. தாம் சிறுமியாய் இருந்தபோது ஆற்றில் மீன் பிடித்த கதையைப் பேரனுக்குக் கூறத் தொடங்கினார். பேரன் வாய் மூடாது கேட்டான். பிறகு அடுத்த பக்கத்திற்கு அவனே ஒரு கதை கூறினான். அன்று இருவருமே படித்தனர்.

ஆதலின், எழுத்தறியாத பெற்றோரும் தாத்தா பாட்டியரும் தயங்க வேண்டுவதில்லை. நீங்கள் அறிந்த தாலாட்டு உங்களோடு மறைந்துவிடாதிருக்கட்டும். நாள்தோறும் இரவில் உறங்குமுன் கால் மணி நேரம் ஒரு பாட்டு, ஒரு படம் எனப் பிள்ளையோடு அமர்ந்திருங்கள். கடையில் ஒரு நூலை வாங்குமுன், 'இதனை என் வாயால் பாடவோ சொல்லவோ இயலுமா?' என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இயலுமாயின், அதுவே உங்கள் பிள்ளைக்கு உகந்த நூல்.