வெள்ளிப் பதக்கம் பெற்ற ஆசான்

குளிர் நாடுகளிலே, காலணியின் அடியில் எஃகுத் தகடு பூட்டி, பனிக்கட்டித் தளத்தின்மீது இசைக்கேற்பச் சறுக்கியும் சுழன்றும் துள்ளியும் ஆடும் கலையொன்று உண்டு. நேயர்களிற் பலர் அதனை நேரிற் கண்டிருக்கமாட்டார்கள். ஆயினும், அக்கலையில் வல்லவரான கனடா நாட்டுப் பிரையன் ஓர்சரின் வரலாறு ஆசிரியத் தொழிலிலுள்ள எம்போன்றோர் அறியத்தக்கது.

1984ஆம் ஆண்டு சரயேவோ ஒலிம்பிக் போட்டியில் குறுகிய ஆட்டம், நெடிய ஆட்டம் ஆகிய இரண்டிலும் ஓர்சரே முதல்வர். முன்னோக்கித் துள்ளி, வானிலே மூன்றரைச் சுற்றுச் சுழன்று இறங்கும் அருஞ்செயலை ஒலிம்பிக் அரங்கில் முதன்முதல் நிகழ்த்தியவரும் அவரே. ஆனால், அக்காலத்தில் மூன்றாவது பகுதியொன்றும் இருந்தது. எட்டு என்னும் இலக்கத்தையொத்த கோடுகளைப் பனித்தளத்தில் ஒற்றைக் காலாற் கீறவேண்டும். நடுவர்கள் குனிந்து நின்று அக்கீறல்களை ஆராய்வார்கள். அதில் அவர் ஏழாமிடமே பெற்றார். தங்கம் அமெரிக்கரான ஸ்கொட் ஹமில்டனுக்குச் சென்றது. பனியிற் கோடு கீறும் அத்தேர்வு 1990ஆம் ஆண்டுடன் உலகப் போட்டிகளினின்றும் நீங்கியது. ஓர்சருக்கோ அது காலங்கடந்த நீதி.

1987இல் உலக வீரரானார். மறு ஆண்டு, தம் நாட்டின் கல்கரி நகரில் நடந்த ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாட்டுக்கொடியை ஏந்திச் சென்றார். இறுதி ஆட்டத்தில் நடுவர் ஒன்பதின்மருள் நால்வர் ஓர்சரையும், ஐவர் அமெரிக்கரான பிரையன் போயிட்டானோவையும் தெரிந்தனர். மீண்டும் வெள்ளியே கிடைத்தது.

பின்னர் அவர் ரொறன்ரோ நகரில், நம்மவர் பல்லாயிரவர் குடியேறி வாழும் அந்நகரிலேயே, பயிற்றுநரானார். கொரிய நாட்டு யூனா கிம் அவரிடம் பயின்றார். துள்ளலில் வல்லவரான அம்மாணவியிடத்து முகமலர்ச்சி குறைவு. நுட்பத்தோடு அம்மலர்ச்சியையும் ஓர்சர் வளர்க்க முயன்றார். திறமையைக் காண்பவர் பலர். பிள்ளையின் முகத்தைக் காண்பவர் சிலரே. 2010இல் வான்கூவரில் கிம் 228.56 புள்ளிகளுடன் தங்கம் வென்றார். அவர் துள்ளியபோதெல்லாம் தளத்தின் ஓரத்தில் நின்ற ஆசானும் தம்மையறியாது துள்ளினார். அவ்வாண்டிலேயே இருவரும் பிரிந்தனர் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

2014இல் சோச்சி நகரில் அவருடைய மாணவரான ஜப்பானியர் யுசுரு ஹன்யூ தங்கம் பெற்றார். மற்றொரு மாணவரான ஸ்பானியர் ஹவியர் பெர்னாண்டஸோ ஏறத்தாழ ஒரு புள்ளியால் வெண்கலத்தை இழந்து நான்காமிடத்தில் நின்றார். ஒருவரை வாழ்த்தி மற்றவரைத் தேற்றவேண்டிய அந்த இரவிலே, தேற்றும் சொற்களை ஓர்சர் எவரிடமும் கற்கவேண்டியிருக்கவில்லை. நான்கு ஆண்டுகளின் பின், 2018இல், பியோங்சாங் நகரில் ஹன்யூ மீண்டும் தங்கம் வென்றார். பெர்னாண்டஸ் வெண்கலம் பெற்றார்.