விஞ்ஞான ஆசிரியரை அளந்தறிவது எப்படி?

விஞ்ஞான ஆசிரியராகும் விருப்பத்தோடு பி.எட். வகுப்பில் சேர்ந்திருக்கும் இளைஞர்களிடம் ஆராய்ந்து சிந்தித்தல், புதியன காணல், பிறரோடு கூடிப் பணியாற்றல், கருத்தைத் தெளிவுற உரைத்தல், கணினி முதலிய சாதனங்களை விவேகத்துடன் கையாளல் ஆகிய நவீனக் கற்றல் திறன்கள் எந்த அளவுக்கு அமைந்துள்ளன என்று சோதித்தறிவது, நாளைய வகுப்பறையின் தரத்தை நிர்ணயிக்கும் முக்கியமான காரியமாகும்.

இதற்குப் பெரிதும் கையாளப்படும் கருவி, 1932-இல் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க அறிஞர் வகுத்த அளவுகோலைத் தழுவிய வினாப்பட்டியல். "எதையும் ஆராய்ந்த பின்பே ஏற்பேன்" என்ற வாக்கியத்துக்கு எதிரே "முற்றிலும் உடன்படுகிறேன்" என்று குறியிடுவது எவருக்கும் எளிது. ஆயின் அக்குறி, பயிற்சி பெறுபவர் தம்மைப் பற்றிக் கொண்டுள்ள அபிப்பிராயத்தைப் புலப்படுத்துமேயன்றி, அவரது திறமையைப் புலப்படுத்தாது.

திறமை வெளிப்படும் இடம் வேறு. நீருள்ள தட்டில் மெழுகுவத்தியை ஏற்றிக் கண்ணாடித் தம்ளரால் மூடுகிறார் பயிற்சி ஆசிரியை ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சுடர் அணைகிறது, நீர் மேலே ஏறுகிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்காகிய பிராணவாயு தீர்ந்துபோன இடத்தை நீர் நிரப்பிற்று என்று, வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கத்தை அவர் சொல்லி முடிக்கையில், "எரியும்போது தண்ணி ஏறலையே டீச்சர், அணைஞ்ச பிறகுதானே ஏறுது?" என்று கேட்கிறாள் ஒரு சிறுமி. அவள் கண்டதே உண்மை. பிராணவாயு முற்றிலும் தீருமுன்பே சுடர் அணைந்துவிடுகிறது. சூடேறி விரிந்த காற்று குளிர்ந்து சுருங்குவதே நீர் ஏறுவதற்குப் பிரதான காரணம். கேள்வியை அடக்கிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறாரா, அல்லது "இரண்டு மெழுகுவத்தி வைத்துப் பார்ப்போமா?" என்று மாணவரையும் சேர்த்துக்கொண்டு, அதே அளவு பிராணவாயு இருந்தும் நீர் முன்னிலும் உயர ஏறுவதைக் கண்டு காரணம் தேடுகிறாரா என்பதிலேதான் அவருடைய சிந்தனை, கூட்டுணர்வு, பணிவு எல்லாம் ஒருங்கே தெரியவரும்.

2015 முதல் ஈராண்டுப் படிப்பாகிவிட்ட பி.எட்.டில் பள்ளி அனுபவத்துக்கென 20 வாரங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. பாடக்குறிப்பேட்டில் கையொப்பமிடுவதோடு மேற்பார்வையாளரின் கடமை தீர்ந்துவிடாமல், எதிர்பாராத கேள்வியையும் பொய்த்துப்போன சோதனையையும் பயிற்சி ஆசிரியர் எவ்வாறு எதிர்கொண்டார் என்பதைச் சிரத்தையுடன் குறித்து, அவரோடு அமர்ந்து விவாதிக்கும் வழக்கம் வேரூன்ற வேண்டும். வினாப்பட்டியல் அதற்குத் துணையாக இருக்கட்டும். மதிப்பெண்ணை வகுப்பறையே வழங்கட்டும்.