பங்களா சுவரும் லயத்துச் சுவரும்

மலாக்காவிலிருந்து கடலோரமாகக் கிளேபாங், தஞ்சோங் கிளிங், மஸ்ஜித் தானா என்று கோலா சுங்கை பாரு வரைக்கும் போகிற சாலையில் இன்று செம்பனையும் தாமான் வீடுகளும்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. ஒரு காலத்தில் பால்மரம்தான் இந்த மாநிலத்தின் முகம். தான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டுக் காட்டினார். பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் வந்தன. அவற்றுக்காக நம் ஆட்கள் கப்பலேறினார்கள். மேட்டில் துரை பங்களா, சற்றுத் தாழ கிராணி வீடு, அதற்கும் கீழே மண்டோர், கடைசியில் லயம். ஒருவர் எந்த மட்டத்தில் குடியிருக்கிறார் என்று பார்த்தாலே அவர் சம்பளத்தைச் சொல்லிவிடலாம்.

அந்த பங்களாவின் உட்சுவரை லயத்துக்காரர்களில் பார்த்தவர்கள் சிலரே: சமையற்காரர், ஆயா, துணி வெளுத்தவர், பூச்செடிக்குத் தண்ணீர் விட்டவர். மான் கொம்பு, குதிரைமேல் சிவப்புக் கோட்டுக்காரர்கள் நரியை விரட்டும் படம், ராஜா ராணி படம், பித்தளைச் சாமான் என்று அவர்கள் வாய்வழியாகத்தான் அந்த வீடு கீழே இறங்கி வந்தது. இதை ‘கலைச் சேகரிப்பு’ என்றால் கொஞ்சம் அதிகம். துரை, கம்பெனியின் சம்பளக்காரர். பங்களா அவருடையதல்ல. மாற்றலோ ஓய்வோ வந்தால் பெட்டியில் அடங்காததெல்லாம் லேலாங்கில் போகும். அடுத்து வந்த துரை வேறு படத்தை மாட்டிக்கொள்வார்.

இங்கிலாந்தின் கிராமத்து மாளிகைகள் இதற்கு நேர் எதிர். ஒரே குடும்பம் பல தலைமுறையாக இருந்து சேர்த்த ஓவியமும் நாற்காலியும் பீங்கானும் அங்கேயே கிடக்கும். அவற்றை ஆராய்கிறவர்கள் முதலில் தேடுவது வீட்டுச் சாமான் பட்டியலை. எந்த அறையில் எது இருந்தது, எந்த வருடம் எங்கே நகர்ந்தது என்று அதிலிருந்து பிடிப்பார்கள். வெகுகாலம் இந்தப் படிப்பு முழுக்க எஜமானர் புராணமாகவே இருந்தது. மார்க் ஜிரூவர்ட் 1978இல் எழுதிய புத்தகம், அந்த வீடுகளுக்குள் மனிதர்கள் எப்படிப் புழங்கினார்கள் என்று கேட்டது. வேல்ஸில் எர்டிக் என்ற மாளிகையின் குடும்பம் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே தன் வேலைக்காரர்களை ஓவியமாக வரைந்து மாட்டிவந்தது. 1977இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, பார்வையாளர்கள் வேலைக்காரர் பகுதி வழியாகவே உள்ளே போகும்படி வைத்தார்கள். 2020இல் பிரிட்டனின் நேஷனல் டிரஸ்ட் வெளியிட்ட அறிக்கை, தன் பராமரிப்பில் உள்ள 93 இடங்களுக்குக் காலனிய ஆட்சியோடும் அடிமை வியாபாரத்தோடும் இருந்த தொடர்பை எழுதிவைத்தது. அந்த டிரஸ்ட் பார்த்துக்கொள்ளும் போவிஸ் கோட்டையில் திப்பு சுல்தானின் கூடாரம் இருக்கிறது. சீரங்கப்பட்டணம் 1799இல் விழுந்தபோது சென்னை கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவ் குடும்பத்து வீடு அது. அங்கே அது எப்படி வந்தது என்று விளக்க வேண்டுமா?

நம் நாட்டில் அப்படியொரு மாளிகைக்கு ஆசைப்பட்டவர் தோட்டத் துரை வில்லியம் கெல்லி ஸ்மித். பேராக்கில், பத்து காஜா பக்கம், 1915இல் தொடங்கிய கெல்லிஸ் காசலுக்கு மெட்ராஸிலிருந்து ஆட்களை வரவழைத்தார். 1926இல் லிஸ்பனில் அவர் இறந்துபோக, லிஃப்டுக்கு விட்ட இடம் வெறும் குழியாகவே நின்றுவிட்டது. இன்று சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கும் சுவர்களில் மாட்ட ஒரு ஓவியமும் இல்லை. ஆனால் வேலையாட்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயில் அருகிலேயே இருக்கிறது, அதன் மேல் சாமிகளோடு தொப்பி போட்ட துரையுருவமும் நிற்கிறது. அந்த இடத்தின் உருப்படியான கலைப்பொருள் என்னைக் கேட்டால் அதுதான்.

மலாக்காவிலோ தோட்டத் துரைமார் மாலையில் கூடிய மலாக்கா கிளப், 1912இல் கட்டியது, 1985 முதல் சுதந்திரப் பிரகடன நினைவகம். பங்களாக்களின் கதை இவ்வளவு கௌரவமாக முடியவில்லை. ஐம்பது அறுபதுகளில் தோட்டத் துண்டாடல் பலரை லயத்தை விட்டு வெளியேற்றியது. அந்த அலையில்தான் 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். 1981 செப்டம்பர் 7 காலையில் லண்டன் பங்குச் சந்தையில், இங்கே தோட்டங்கள் வைத்திருந்த கத்ரி கம்பெனி மலேசியர் கைக்கு வந்தது. வெள்ளைத் துரை போய், நம்மூர் மானேஜர் வந்தார். சில பங்களாக்களில் ஆள் இருக்கிறது, சிலவற்றில் ஓட்டைப் பிரித்துக்கொண்டு செடி வளர்கிறது.

சரி, லயத்துச் சுவரில் என்ன இருந்தது? அதை யாரும் பட்டியல் போடவில்லை. ஆனால் ஒரு தோட்டத்தில் உண்மையிலேயே தலைமுறை தாண்டிச் சேர்ந்த படங்கள் அங்கேதான் இருந்தன. பலகைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட முருகன், லட்சுமி, ராமர் பட்டாபிஷேகம். ஊரிலிருந்து வந்த காலண்டரில் தேதித்தாள் தீர்ந்ததும் படத்தை மட்டும் வெட்டிச் சட்டம் போடுவார்கள். கோவில்பட்டியில் இருந்துகொண்டு சி. கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த சாமிகள், சிவகாசி அச்சில் பெருகிக் கடல் தாண்டிய காலம் அது. பக்கத்தில் டவுன் ஸ்டூடியோவில் தாத்தா நின்று எடுத்த போட்டோ, கன்னத்தில் கையால் பூசிய இளஞ்சிவப்பு.

இங்கிலாந்து ஆராய்ச்சிக்காரர்களிடம் கற்கவேண்டிய ஒரு பழக்கம் உண்டு: ஓவியத்தைத் திருப்பி அதன் முதுகைப் பார்ப்பது. ஏலச் சீட்டும் பழைய சொந்தக்காரர் எழுத்தும் அங்கேதான் இருக்கும். அப்படித்தான் கோலா சுங்கை பாரு பக்கத்தில் ஒரு வீட்டில் முருகன் படத்தைத் திருப்பச் சொன்னேன். பூச்சி அரித்த அட்டை, துருப்பிடித்த ஆணி, சட்டம் போட்ட கடையின் பாதி அழிந்த ரப்பர் முத்திரை. அதற்குக் கீழே பென்சிலில் ஒரு குழந்தையின் பிறந்த தேதி, நட்சத்திரம், பிறந்த நேரம். முன்பக்கக் கண்ணாடியில் வெள்ளிக்கிழமைதோறும் வைத்த குங்குமம் தடிமனாக உறைந்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்தால் சேகரிப்பாளர் சந்தோஷப்படுவார், அந்த வீட்டம்மா அடிக்க வருவார்.

இன்று அந்தப் படங்கள் தாமான் வீட்டுக்கு வந்துவிட்டன. கான்கிரீட் சுவரில் ஆணி இறங்குவதில்லை. அதனால் சாமி மேடையில் இடம் கிடைத்தது நாலைந்து படத்துக்கே. மற்றவை குப்பையில் போட மனமில்லாமல் கோயில் அரசமரத்தடிக்குப் போகின்றன. மழையில் முதலில் பெயர்வது முதுகு அட்டைதான், எழுத்தெல்லாம் அதில்தான். மலாக்கா நகரில் ஒரு பாபா குடும்பம் 1861இல் வாங்கிய வீட்டை 1985இல் அருங்காட்சியகமாக்கியது. கஜபேராங் செட்டிகளும் தங்களுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். தோட்டத்து ஆட்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும்தான். ஆனால் கட்டடத்துக்குக் காத்திருக்க வேண்டாம், கைப்பேசியில் முன்னும் பின்னும் இரண்டு படம் எடுத்து வைத்தால் பாதி வேலை முடிந்தது.

படங்களைப் பங்கு பிரிப்பதில்தான் சிக்கல். இங்கிலாந்துப் பிரபுக்கள் வீட்டில் எல்லாமே மூத்த மகனுக்கு. அதனால்தான் சேகரிப்பு சிதறவில்லை, தம்பிமார் வயிறெரிந்திருப்பார்கள். நம் வீடுகளில் அப்பா போனபிறகு முருகன் அண்ணனுக்கு, லட்சுமி தங்கச்சிக்கு, தாத்தா போட்டோ சிங்கப்பூரில் இருக்கிற சித்தப்பாவுக்கு. நான் திருப்பிப் பார்த்த படத்துக்கும் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பென்சிலில் எழுதியிருப்பது என் நட்சத்திரம், அதனால் படம் எனக்கு என்றார் இளையவர்.