விருந்தாளிக்கு முன்னால் மழை வந்துவிடும்!

(மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை)

'வெள்ளம் வருமுன் அணை போடு' என்பார்கள் நம் பெரியவர்கள். அணைக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் இது பொருந்தும். அதிலும் வாடகைக்கு விடும் விடுமுறை வீட்டுக்கு ரொம்பவே பொருந்தும்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். கடலை ஒட்டி வரிசையாக விடுமுறை வீடுகள் இருக்கின்றன. ஒரு நாள், இரண்டு நாள் என்று வாடகைக்கு விடுகிறார்கள். தீபாவளி, அரையாண்டு விடுமுறை, புத்தாண்டு என்றால் கூட்டம் தாங்காது. ஆனால் அந்தக் கரையில் மழை பெரும்பாலும் கொட்டுவதும் அதே அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு 'மாண்டஸ்' புயல் கரை கடந்தது மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான்.

சொந்த வீட்டில் எந்தப் படி வழுக்கும், எந்த சுவிட்சைத் தொட்டால் 'சுர்'ரென்று இழுக்கும் என்று நமக்குத் தெரியும். ஒதுங்கிப் போய்விடுவோம். வாடகைக்கு வரும் குடும்பத்துக்கு அது தெரியுமா? ஒன்றுமே தெரியாத ஒருவர், கரண்ட் இல்லாத மழை இரவில், கைக்குழந்தையோடு வந்து இறங்குகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த வீட்டைத் தயார் செய்யணும். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று இக்கட்டுரையில் பார்ப்போம்.

மொட்டை மாடி

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1000 சதுர அடி மாடியில் ஒரே நாளில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 9,300 லிட்டர். ஏறக்குறைய ஒரு தண்ணீர் லாரி! இவ்வளவும் இரண்டு மூன்று 4 அங்குலக் குழாய் வழியாகத்தான் இறங்கணும். வேப்பிலையும் பிளாஸ்டிக் பையும் வாயை அடைத்தால் என்ன ஆகும்? அரை அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 14 டன் எடை. ஆட்கள் ஏறும் மாடிக்கு டிசைனில் நாம் எடுக்கும் லைவ் லோடு சதுர மீட்டருக்கு 150 கிலோ. அந்த அளவு முழுவதையும் தண்ணீரே சாப்பிட்டுவிடும்.

வகுப்பில் நாம் 'ஸ்லோப்' என்று படிப்பதைக் கொத்தனார்கள் 'வாட்டம்' என்பார்கள். வாட்டம் சரியா என்று பார்க்க ஒரு குடம் தண்ணீர் போதும். மேட்டுப் பக்கம் ஊற்றிவிட்டு நில்லுங்கள். தேங்கும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுங்கள். அங்கேதான் ஓதம் இறங்கும். தட்டோடுகளின் இணைப்பில் விரிசல் இருந்தால் பழைய கலவையைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பாயிண்டிங் செய்யணும். மாடியும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையை மறக்கவே கூடாது. பாதி ஒழுகல் அங்கேதான் ஆரம்பம்.

உப்புக் காற்று

கடலோர வீட்டுக்கு மழையோடு இன்னொரு எதிரியும் உண்டு. காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து கான்கிரீட்டுக்குள் போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவுக்கு இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் வேண்டும். அதனால் உள்ளிருந்தே நெம்பிக் கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும். பால்கனியின் அடிப்பக்கம், சன்ஷேடு இரண்டும்தான் முதலில் போகும். மழையை வேடிக்கை பார்க்க விருந்தாளி நிற்பதும் அங்கேதான்!

சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் நல்லது. 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்டால் அந்த இடத்தைக் கொத்தி எடுத்து, துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகே பூசணும். மேலாகப் பூசி பெயிண்ட் அடித்தால் போட்டோவுக்கு அழகாக இருக்கும். உள்ளே துரு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

மின்சாரம்

இதில்தான் உயிர் இருக்கிறது. 'எம்.சி.பி. போட்டாச்சு, பயமில்லை' என்று பலர் நினைக்கிறார்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. 16 ஆம்பியர் எம்.சி.பி., அதற்கு மேல் போனால்தான் விழும். ஆனால் மனிதனைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். அதில் 'டெஸ்ட்' பட்டன் ஒன்று இருக்கும். மழைக்கு முன்பும், பிறகு மாதம் ஒரு முறையும் அமுக்கிப் பார்க்கணும். விழவில்லை என்றால் உடனே மாற்றணும். கேட் விளக்கு, தோட்ட விளக்கு, மோட்டார் இந்த மூன்றையும் எலெக்ட்ரீஷியனை வைத்துத் திறந்து பார்ப்பது நல்லது. எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் அவரே பார்த்துவிடுவார்.

நீச்சல் குளமும் சம்ப்பும்

'மழைக்காலம்தானே, குளத்தை காலி செய்து வைப்போம்' என்பது ஆபத்தான யோசனை. கடற்கரை மணலில் நிலத்தடி நீர் மழைக்கு மேலே ஏறிவிடும். காலிக் குளம் அந்த நீரில் ஒரு படகு மாதிரி. ஹைட்ராலிக்ஸில் படித்த ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான், அடியிலிருந்து தூக்கிவிடும். தரை வெடிக்கும், குழாய் முறியும். தரையடித் தொட்டிக்கும் இதே விதி. ஆகவே இரண்டிலும் தண்ணீர் இருக்கட்டும். குளத்துத் தண்ணீரைக் குளோரின் போட்டுச் சுத்தமாக வைத்திருக்கணும். சம்ப் மூடி இறுக்கமாகவும், ஆள் மிதித்தால் புரளாததாகவும் இருக்கணும்.

பூட்டிக் கிடக்கும் நாட்கள்

ஒரு குடும்பம் காலி செய்து அடுத்த குடும்பம் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக மாறுவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நாள்தான். பூந்தொட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, ஏ.சி. தண்ணீர் பிடிக்கும் வாளி எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை கவிழ்க்கணும். வெறுமனே கவிழ்த்தால் போதாது, தேய்த்துக் கழுவணும். ஏனென்றால் ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது.

காற்றும் காவலாளியும்

தென்னையில் காய்ந்த மட்டை, முற்றிய காய் எல்லாவற்றையும் புரட்டாசிக்குள் இறக்கிவிடுங்கள். புயல் காற்றில் ஒரு தேங்காய் பீரங்கிக் குண்டுக்குச் சமம். மாடியில் கிடக்கும் தகரம், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் உள்ளே போகணும்.

கடைசியாக ஒன்று. விருந்தாளிக்கு வீட்டைக் காட்டுபவர் வாட்ச்மேன் அண்ணன்தான். பெரிய வீட்டுக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்துவிட்டு, அவர் குடும்பத்தோடு படுக்கும் தகரக் கொட்டகையை மறந்துவிடக் கூடாது. மழை முதலில் இறங்குவது அங்கேதான். மெயின் சுவிட்ச் எங்கே, டார்ச் எங்கே என்பதோடு, ஆம்புலன்ஸ் 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077 ஆகிய எண்களையும் ஒரு அட்டையில் எழுதிக் கதவுக்குப் பின்னால் மாட்டணும். தெரியாதவர்க்கு அந்த அட்டையே துணை.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் சைட் சூப்பர்வைசராகப் போவோம். 'பெயிண்ட் மட்டும் அடிச்சுக் குடுங்க, சீசன் வருது' என்று முதலாளி சொல்லும் நாள் வரும். அப்போது 'சார், முதல்ல மாடியையும் ஒயரிங்கையும் பார்த்துடலாம், பெயிண்ட் அப்புறம்' என்று சொல்லும் தைரியம் நமக்கு வேண்டும். ஈரச் சுவரில் பூச்சு நிற்காது. எனவே ஆடி மாதமே வேலையைத் தொடங்கி, புரட்டாசி பாதிக்குள் முடிப்போம். வருமுன் காப்போம்!