பத்து கிராமும் அறுபது டாலரும்

அமெரிக்காவின் ஒஹாயோ போன்ற மாநிலங்களில் புறநகர் வீட்டைச் சுற்றி ஒரு ஏக்கர் புல்தரை இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். பரப்பு 43,560 சதுர அடி. ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியின் வழக்கமான வெட்டு அகலம் 42 அங்குலம். வெட்டிய இடத்தின் மேலேயே 3 அங்குலம் ஏற்றி ஓட்டினால், ஒரு நடைக்கு 39 அங்குலம்தான் தேறும். ஆக, ஒரு தடவை வெட்டி முடிக்க வண்டி சுமார் 4.1 கிலோமீட்டர் ஓட வேண்டும். திருப்பம், மரத்தடி எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். ஏப்ரல் நடுவிலிருந்து அக்டோபர் கடைசிவரை வாரம் ஒருமுறை என்றால் 28 மணி நேரம்.

அடியில் இரண்டு பிளேடுகள் சுழல்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 21 அங்குல நீளம். நிமிடத்துக்கு 3,400 சுற்று சுழன்றால் பிளேடின் நுனி மணிக்கு 342 கிலோமீட்டர் வேகத்தில் போகும். நுனி வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தர விதி. இந்த வேகம் அதை ஒட்டியே வருகிறது. 28 மணி நேரத்தில் ஒரு நுனி கடக்கும் தூரம் 9,500 கிலோமீட்டருக்கு மேல். மண்ணிலும் கல்லிலும் உரசிக்கொண்டு இவ்வளவு தூரம் போகும் இரும்பு மழுங்காமல் என்ன செய்யும்? 25 மணி நேரத்துக்கு ஒருமுறை சாணை பிடிப்பது நல்ல வழக்கம். விளிம்பு 30 பாகைச் சரிவில் இருந்தால் போதும். கத்திபோல மெல்லியதாக்கினால் அது சீக்கிரம் மடங்கிவிடும்.

கூர்மையைவிட முக்கியம் சமநிலை. சாணை பிடித்தபின் ஒரு நுனி மற்றதைவிட 10 கிராம் கனத்துவிட்டால், அந்தச் சுழற்சியில், பிளேடைத் தாங்கும் அச்சான ஸ்பிண்டிலின் பேரிங்கை 34 கிலோ எடைக்குச் சமமான விசை பிடித்து இழுக்கும். அதுவும் நொடிக்குச் சுமார் 57 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறி மாறி.

எஞ்சினிலிருந்து பிளேடைச் சுழற்றும் பெல்ட்டின் கணக்கு சிறியது. தளர்ந்து 10 சதவீதம் வழுக்கினால் பிளேடின் இயக்க ஆற்றல் 19 சதவீதம் குறையும். புல் அறுபடாமல் கிழிந்து, நுனி பழுக்கும். மாற்றும்போது நீளத்தோடு அகலத்தையும் பாருங்கள்: அரை அங்குலப் பெல்ட் வேறு, அதைவிட அகலமான 5எல் வகை வேறு. அராமிட் இழை வைத்த பெல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். பிளேடு இயங்கத் தொடங்கும்போது விழும் உதறலைச் சாதாரணப் பெல்ட் அதிக நாள் தாங்காது.

இனி செலவு. விலைகள் தோராயமானவை. இரண்டு பிளேடுகள் 40 டாலர், பெல்ட் 40 டாலர். இரண்டும் மூன்று பருவம் உழைத்தால் ஆண்டுக்கு 27 டாலர். ஆண்டுக்கு இருமுறை கடையில் சாணை, பிளேடுக்கு 10 டாலர் என்றால் இன்னொரு 40. மொத்தம் 67. நீங்களே அரத்தால் தீட்டினால் அந்த 40 மிச்சம். ஒரு ஸ்பிண்டில் போனாலோ 60 டாலர். நீங்களே தீட்டினால் ஆகும் இரண்டு ஆண்டுச் செலவைவிட அது அதிகம்.

அதனால் சாணை பிடித்ததும் பிளேடின் நடுத்துளையை ஒரு ஆணியில் மாட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் அராவுங்கள். பிளேடைக் கழற்றும் முன் வண்டிச் சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரையும் உருவிவிடுங்கள்.