தமிழ்ப் படத்தில் பாடிய முதல் நாயகி

எங்கள் சின்னசேலத்தில் பழைய சினிமாப் பேச்சு வந்தால் போதும், பெரியவர்கள் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் பெருமையை ஆரம்பித்து விடுவார்கள். பாகவதர், சின்னப்பா என்று வரிசையாகப் பெயர்கள் வரும். டி.பி. ராஜலட்சுமி என்று சொல்லிப் பாருங்கள், "யாரும்மா அது?" என்பார்கள். முதல் தமிழ்ப் பேசும் படத்தின் கதாநாயகியே அவர்தான்!

1911ல் திருவையாற்றில் பிறந்தவர். பாவாடை கட்டி விளையாடுகிற வயசிலேயே கல்யாணம். வரதட்சணைத் தகராறில் அந்த வாழ்வு முறிந்தது. அப்பாவும் காலமாகிவிட, அம்மாவும் பெண்ணுமாகத் திருச்சிக்கு வந்தார்கள். கையில் காசு இல்லை, ஆனால் தொண்டையில் பாட்டு இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் ஆதரவோடு சாமண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார் அந்தச் சிறுமி.

நாடகக்காரி என்றாலே ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்த காலம் அது. மைக் கிடையாது. ஆர்மோனியத்துக்கு மேலே குரல் எழும்பி, கடைசியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறவர் காதிலும் விழ வேண்டும். விடிய விடியப் பாட வேண்டும். அப்படிப் பழகிய குரல்தான் 1931 அக்டோபர் 31ந் தேதி, சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' படத்தில் ஒலித்தது. அப்போது அவருக்கு இருபது வயசு கூட நிறையவில்லை! கதாநாயகன் தெலுங்கில் பேச, இவர் தமிழில் பேசினார். தியாகராஜ கீர்த்தனையும் பாடினார். வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே, காந்தியையும் ராட்டையையும் போற்றும் பாட்டும் பாடினார்.

அதோடு நின்றாரா? தாமே எழுதிய 'கமலவல்லி' நாவலை 1936ல் 'மிஸ் கமலா' என்று படமாக்கினார். கதை, டைரக்‌ஷன், நடிப்பு எல்லாம் அவரே. தென்னிந்தியாவின் முதல் பெண் டைரக்டர் என்ற பெருமை அவருக்குத்தான்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது அவருடைய வீட்டு வாழ்க்கை. முதல் கல்யாணம் முறிந்ததோடு வாழ்க்கை முடிந்தது என்று மூலையில் உட்காரவில்லை. 'வள்ளி திருமணம்' படத்தில் நாரதராக நடித்த டி.வி. சுந்தரத்தை மணந்தார். பெண் பிறந்ததும், படத்தின் நினைவாகக் கமலா என்று பெயர் வைத்தார். பெண் என்பதால் கொல்லப்பட இருந்த ஒரு சிசுவையும் காப்பாற்றி, தம் மகளாகவே வளர்த்தார். இது எத்தனை பேருக்கு வரும், சொல்லுங்கள்?

1964ல், 52 வயசில் காலமானார். 'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. நம் குழந்தைகளிடம் நாம் சொன்னால்தான் அவர் பேர் நிற்கும்.

எங்கள் தெருவில் ஒரு பெண் கோயிலில் அருமையாகப் பாடும். "வயசுக்கு வந்த பொண்ணுக்கு மேடை என்னத்துக்கு?" என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மாவிடம் நான் ராஜலட்சுமியின் கதையைச் சொன்னேன். சும்மா கேட்டுக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை, விளக்கு பூஜையில் அந்தப் பெண்ணின் பாட்டு கேட்டது. சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பாடுகிற பெண் இருந்தால் தயவுசெய்து தடுக்காதீர்கள்.