வீட்டிலே ஒரு விமானம்

ஆகாய விமானம் என்றதும் பெரிய தொழிற்சாலையும் அதில் பணிபுரியும் ஆயிரக்கணக்கான தொழிலாளரும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் தம் வீட்டுக் கொட்டகையிலேயே விமானத்தைப் பூட்டி முடிப்போர் உலகில் பல்லாயிரம் பேர் உண்டு. பாகங்கள் பெட்டி பெட்டியாக வந்து சேரும். கூடவே வரும் புத்தகத்தைப் பார்த்து அவற்றை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். இவற்றைக் 'கிட்' விமானம் என்பர்.

நமக்கு அண்டை மாநிலமான கேரளத்தின் ஆலப்புழையைச் சேர்ந்த பொறியாளர் அசோக் தாமராட்சன், இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியில் வசிப்பவர். 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து 'ஸ்லிங் டி.எஸ்.ஐ.' என்னும் நான்கு இருக்கை விமானத்தின் பாகங்களை வரவழைத்து, தம் தோட்டத்துக் கொட்டகையில் கட்டத் தொடங்கினார். செலவு சுமார் 1,40,000 பவுண்டு. 2022 பிப்ரவரியில் அவ்விமானம் முதன்முதலாகப் பறந்தது. அதன் பெயர் 'ஜி-தியா'. 'ஜி' என்பது பிரிட்டிஷ் விமானங்களுக்குரிய எழுத்து. 'தியா' அவருடைய இளைய மகளின் பெயர். தாம் கட்டியதில் தம் குழந்தைகளையே ஏற்றிக்கொண்டு பிற நாடுகளுக்குப் பறந்திருக்கிறார். இதைப் படித்தபோது எங்களுக்கு எழுந்த கேள்வி ஒன்றுதான்: எதை நம்பி ஏற்றினார்?

இறக்கை, வால், சக்கரம் எல்லாம் பூட்டிய பிறகு பார்ப்போர், "முடிந்துவிட்டதே!" என்பார்கள். கட்டுவோரிடையே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு: 90 சதவீதம் முடிந்தது, இன்னும் 90 சதவீதம் பாக்கி! அந்தப் பாக்கியில் பெரும்பகுதி எஞ்சினுக்கு மூடி போடுவதும், உட்காரும் அறையை ஒழுங்கு செய்வதும்தான். வீடு கட்டியவர்களுக்கு இது புரியும். சுவர் எழும்பக் காட்டும் வேகத்தைப் பூச்சு வேலை காட்டுவதில்லை.

விமானத்தின் மூக்கில் எஞ்சினைச் சுற்றியிருக்கும் கூட்டைக் 'கவுலிங்' என்கிறார்கள். மேல் பாதி, கீழ்ப் பாதி என இரண்டு துண்டுகளாக வரும். பெரும்பாலும் கண்ணாடி இழைத் துணியில் பிசின் ஊற்றி வார்த்தது. இது நம் ஊருக்குப் புதிய பொருளன்று. தலத்தெருவிலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் கிளிஞ்சல்மேட்டிலும் காரைக்கால்மேட்டிலும் வரிசையாக நிற்கும் ஃபைபர் படகுகள் அதே இனம்தான். எங்கள் வகுப்பில் சிலர் படகு பழுதுபார்க்கும் ஓர் அண்ணனிடம் விசாரித்தோம். "வெயில் நாளிலே மருந்தைக் குறைச்சுப் போடணும் பாப்பா, இல்லேன்னா டப்பாவிலேயே கல்லாப் போயிடும்" என்றார். படகுக்குப் பயன்படும் பாலியெஸ்டர் பிசினுக்கு அது சரி. அதில் சேர்க்கும் மருந்து வினையைத் தூண்டிவிடுவது. அளவைச் சற்றே கூட்டலாம், குறைக்கலாம். விமானக் கட்டுமானத்தில் அதிகம் பயன்படும் எபாக்ஸிப் பிசினில் அது நடவாது. அங்கே இரண்டாவது திரவமும் பிசினோடு கோத்துக்கொண்டு உடலாகவே மாறுவதால், சொன்ன விகிதம் மாறினால் எத்தனை நாள் காத்திருந்தாலும் முழுப் பலம் வராது. ஆகவே தராசில் நிறுத்தே கலக்கிறார்கள். கைப்பழக்கம் ஒரு பொருளில் கெட்டிக்காரத்தனம், இன்னொன்றில் ஆபத்து!

வார்த்து வந்த மூடி அப்படியே பொருந்தாது. ஓரங்களில் வேண்டுமென்றே கூடுதலாக விட்டிருப்பார்கள். எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தீத்தடுப்புச் சுவரின் விளிம்பு வரை அதை வெட்டியாக வேண்டும். விளிம்போ மூடிக்கு அடியில் மறைந்திருக்கிறது. எப்படிக் கோடு போடுவது? கண்ணாடி இழை மெல்லிதாக இருந்தால் ஒளியைக் கடத்தும். உள்ளே கைவிளக்கை வைத்தால் விளிம்பு நிழலாகத் தெரியும். அதன்மேல் பென்சில் ஓட்ட வேண்டியதுதான். வெட்டுவது கோட்டுக்கு வெளியே. மிச்சத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவருவார்கள். வெட்டியதை மறுபடி வளர்க்க முடியாதல்லவா? தையல் வகுப்பில் துணியை வெட்டும் முன் நம் ஆசிரியை நம்மை இரண்டு முறை அளக்கச் சொல்வதும் இதற்காகத்தான். இழைத் தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் தீங்கு. முகமூடியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.

முன்பக்கத்தில் விசிறியின் நடுவே ஒரு கூம்பு இருக்கும். அதற்கும் மூடிக்கும் இடையே ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது வழக்கம். எஞ்சின் ரப்பர்த் திண்டுகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் குலுங்கும். இடைவெளி போதாவிட்டால் கூம்பு மூடியைச் சுரண்டிவிடும். நாளடைவில் அந்த ரப்பர் சற்றுத் தாழும் என்பதால், அனுபவசாலிகள் தொடக்கத்தில் கூம்பை மூடியைவிட மயிரிழை உயர்த்தியே வைப்பார்களாம். இன்று கொஞ்சம் கோணலாகத் தெரிந்தாலும் சில ஆண்டுகளில் நேராகிவிடும். இந்த முன்யோசனை எங்களுக்கு மிகவும் பிடித்தது.

மூடியின் அழகைவிட அதன் வேலை முக்கியம். முன்னாலுள்ள துவாரங்கள் வழியே நுழையும் காற்று எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு அடிப்பக்கமாக வெளியேற வேண்டும். வாசல் கதவை மட்டும் திறந்தால் வீட்டில் காற்று வராது. கொல்லைக் கதவையும் திறந்தால்தான் வீசும். சூடேறிய காற்று விரிவடைவதால் அது வெளியேறும் வழியைத் தாராளமாகவே விட வேண்டும். காற்று சுலபமான சந்து பார்த்து நழுவிவிடாமல் சிலிண்டர்களின் மேலேயே செல்லும்படி தகடுகளும் ரப்பர்ப் பட்டைகளும் வைத்து அடைக்கிறார்கள். ஒரு பட்டை மடங்கிக் கிடந்தால் போதும், எஞ்சின் கொதிக்கும். புகைக்குழாய் அருகே வரும் இடங்களில் மூடியின் உட்புறத்தில் வெப்பத்தைத் திருப்பும் அலுமினியத் தாள் ஒட்டுவர்.

அப்புறம் பட்டி பார்ப்பது, தேய்ப்பது, வண்ணம் பூசுவது. ஊசிமுனை அளவுத் துளைகளைக்கூட அடைக்க வேண்டும். சாதாரணப் பட்டி கனமாதலால், மாவைப் போன்ற நுண்ணிய கண்ணாடிக் குமிழ்களைப் பிசினில் குழைத்துப் பூசுவார்கள்.

இனி உள் அறை. இங்கே மெத்தையும் கம்பளமும் கடைசி. முதலில் தீத்தடுப்புச் சுவரில் கம்பியும் குழாயும் புகும் ஒவ்வொரு துளையையும் நெருப்புத் தாங்கும் பசையால் அடைக்க வேண்டும். எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. துளை வழியே கசிந்தால் விமானிக்குத் தலைவலி, பிறகு மயக்கம். அதனால்தான் அதைக் கண்டறியும் சிறு கருவியையும் கண்ணெதிரே வைக்கிறார்கள். மெத்தைக்கும் துணிக்கும் எளிதில் தீப்பற்றாத வகையே ஏற்றது. பக்கத் தட்டிகளைப் பொருத்தியபின் கைப்பிடியை நாலாபுறமும் கடைசிவரை அசைத்துப் பார்க்க வேண்டும். மெத்தையின் ஒரு மூலை தடுத்தாலும் அது விபத்துக்கு வித்து. தரையில் விழுந்த ஒரு திருகாணியைக் கண்டெடுக்காமல் அன்றைய வேலையை முடிப்பதில்லை. அது உருண்டு போய்க் கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்கிடையே சிக்கினால்?

எடைக் கணக்கும் உண்டு. எட்டாம் வகுப்பில் படித்த நெம்புகோல் இங்கே வேலைக்கு வருகிறது. எடையைத் தூரத்தால் பெருக்க வேண்டும். நடுப்புள்ளிக்கு 2 மீட்டர் பின்னால் 3 கிலோ கம்பளம் போட்டால், அதைச் சமன்செய்ய 1 மீட்டர் முன்னால் 6 கிலோ வேண்டும். வால்பக்கம் கனத்தால் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு விமானிக்கு அடங்காது. ஆகையால் வண்ணமும் இருக்கையும் முடிந்த பிறகே, மூன்று சக்கரங்களுக்கும் அடியில் தராசு வைத்து நிறுக்கிறார்கள்.

இவையெல்லாம் ஆண்களுக்குரிய வேலை என்று எண்ணும் பெற்றோர் இருக்கலாம். அயர்லாந்தின் லிலியன் பிளாண்ட் என்ற பெண்மணி 1910-இல் தாமே வடிவமைத்துக் கட்டிய 'மேஃபிளை' விமானத்தில் பறந்தார். எஞ்சின் பூட்டுவதற்கு முன், காற்றில் மிதந்த விமானத்தை ஐந்து பேரைத் தொங்கிப் பிடிக்கச் செய்து, அவர்களையே தூக்குகிறதென்றால் எஞ்சினையும் தூக்கும் என்று கணக்கிட்டார். எஞ்சின் வந்தது, பெட்ரோல் தொட்டி வரவில்லை. காத்திருக்கப் பொறுமையின்றி ஒரு விஸ்கி புட்டியையும், காது மந்தமான தம் அத்தையின் கேட்புக் குழலையும் இணைத்து எஞ்சினை ஓட்டிவிட்டார்! பறப்பதை விட்டுவிட்டால் மோட்டார் கார் வாங்கித் தருவதாகத் தந்தை சொன்னார். அவரும் காரை ஏற்றுக்கொண்டார். எங்களுக்கு இதில் சற்று வருத்தமே.

அதே 1910-இல் சென்னையில் ஓட்டல் நடத்திவந்த கார்சிகா தீவினர் தாஞ்சலி, சிம்சன் கம்பெனியின் உதவியுடன் விமானம் ஒன்றைச் செய்து பறந்து காட்டினார். நம் நாட்களில், பிறவியிலேயே பேச்சும் செவிப்புலனும் இல்லாத சஜி தாமஸ் கட்டிய சிறு விமானம் 2014-இல் நெல்லைச் சீமையின் மணிமுத்தாறில் பறந்தது. மும்பையில் கேப்டன் அமோல் யாதவ் அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டினார். 2016-இல் கண்காட்சியில் வைத்தார். 2017-இல் பதிவு கிடைத்தது. பறக்க அனுமதி 2019-இல்தான். காகித வேலையும் கட்டுமானத்தில் ஒரு பகுதி போலும்!

முதல் பறப்புக்கு முன் அதிகாரம் பெற்ற பரிசோதகர் வந்து பார்க்கிறார். அப்போது ஒட்டியதையெல்லாம் பிரிக்க நேராமலிருக்கவே கம்பளத்தைப் பசையிடாமல் ஒட்டுப்பட்டையால் பதிக்கிறார்கள். மூடியையும் கால் திருப்பில் கழலும் பூட்டாணிகளாலோ நீளக் கீல்களாலோ பூட்டுகிறார்கள். முதல் பறப்பில் குடும்பத்தார் யாரும் ஏறுவதில்லை. விமானம் இறங்கியவுடன் கைதட்டல் ஓய்வதற்குள், கட்டியவர் செய்யும் வேலை, பாடுபட்டுப் பொருத்திய அந்த மேல் மூடியைத் திரும்பவும் கழற்றி, எங்கே எண்ணெய் கசிந்திருக்கிறது, எங்கே கருகியிருக்கிறது, எங்கே உரசியிருக்கிறது என்று விளக்கைப் பிடித்துப் பார்ப்பதே.